குறைந்த பணத்தில் சிம் ரேசிங் பெடல் தேர்ந்தெடுப்பது எப்படி

கணினியிலோ விளையாட்டு இயந்திரத்திலோ ஸ்டீயரிங்கும் பெடலும் வைத்துக் கார்ப் பந்தயம் ஓட்டும் சிம் ரேசிங்கில் புதிதாக இறங்குபவர்கள் கையிலுள்ள பணத்தில் பெரும்பகுதியை ஸ்டீயரிங்குக்கே கொடுத்துவிட்டு, அதே பெட்டியில் வரும் பெடலை வைத்துக் காலத்தைத் தள்ளிவிடலாம் என்று எண்ணுவது வழக்கம். ஸ்டீயரிங் கண்ணெதிரே இருக்கிறது, கையில் அதிர்கிறது, பார்ப்பவர்களுக்கும் அதுதான் தெரிகிறது. பெடலோ மேசைக்கடியில் கிடக்கிறது. ஆனால் ஒரு வளைவில் நேரம் மிச்சமாவதும் வீணாவதும் பெரும்பாலும் பிரேக்கை எங்கே தொடங்குகிறோம், எவ்வளவு அழுத்தத்தில் நிலைநிறுத்துகிறோம், வளைவுக்குள் திரும்பும்போது அந்த அழுத்தத்தை எப்படிப் படிப்படியாக விடுகிறோம் என்பவற்றில்தான் தீர்மானமாகிறது. ஆகவே பணம் குறைவாக இருக்கும்போது செலவிட வேண்டிய வரிசை என் கணக்கில் இதுதான்: முதலில் பிரேக் பெடல், அடுத்து அது நகராமல் நிற்பதற்கான ஏற்பாடு, அவற்றுக்குப் பிறகே ஆக்சிலரேட்டர், கிளட்ச், தோற்றம் எல்லாம்.

எதில் செருகப் போகிறீர்கள்?

விலைகளை ஒப்பிடத் தொடங்குவதற்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி இது. கணினியில் விளையாடுபவர்களுக்குச் சுதந்திரம் அதிகம். யுஎஸ்பி வடத்துடன் வரும் பெடல் எதுவானாலும் நேரடியாகச் செருகிக்கொள்ளலாம். ஸ்டீயரிங் ஒரு நிறுவனத்துடையது, பெடல் வேறொரு நிறுவனத்துடையது என்றாலும் தடையில்லை. ஐரேசிங், அசெட்டோ கோர்சா போன்ற சிமுலேட்டர்கள் ஒரே நேரத்தில் பல கருவிகளை ஏற்றுக்கொள்கின்றன. பிளேஸ்டேஷனிலும் எக்ஸ்பாக்ஸிலும் நிலைமை வேறு. அவை தனியாகச் செருகப்பட்ட யுஎஸ்பி பெடலைப் பொதுவாக அடையாளம் காண்பதில்லை. பெடல் அந்த இயந்திரத்துக்கு உரிமம் பெற்ற ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியில் செருகப்பட்டு, அதன் வழியாகவே பேச வேண்டும். எனவே அங்கே விளையாடுபவர் கையிலுள்ள ஸ்டீயரிங்கைத் தயாரித்த நிறுவனத்தின் பெடல்களுக்குள்ளேயே தேடுவதுதான் செலவைக் குறைக்கும் வழி. நிறுவனம் விட்டு நிறுவனம் இணைக்கும் அடாப்டர்கள் கிடைக்கின்றன என்றாலும், அவற்றின் விலையைச் சேர்த்துப் பார்த்தால் மலிவாகத் தெரிந்த பெடல் மலிவாக இருக்காது.

பழைய பெடலை வாங்கும்போதும் இந்தச் சிக்கல் எழும். லாஜிடெக் ஜி29 ஸ்டீயரிங்கின் பெடல்கள் ஒன்பது முனை கொண்ட செருகியுடன் ஸ்டீயரிங்கில் இணைகின்றன. அவற்றைத் தனியாகக் கணினியில் பயன்படுத்த ஒரு யுஎஸ்பி அடாப்டர் தேவை. திரஸ்ட்மாஸ்டர் டி3பிஏ பெடலிலும் யுஎஸ்பி கிடையாது, தொலைபேசி வடத்தின் முனையைப் போன்ற சிறு செருகிதான் இருக்கிறது. அதே நிறுவனத்தின் டி-எல்சிஎம் இரண்டு வழியிலும் இணையும். ஃபனடெக் சிஎஸ்எல் பெடலின் அடிப்படை வடிவம் அந்த நிறுவனத்தின் ஸ்டீயரிங் அடியில் செருகுவதற்கானது. லோட் செல், அதாவது மிதிக்கும் விசையை அளக்கும் சென்சார், உள்ள பிரேக்குடன் வாங்கினால் கணினியிலும் நேராகச் செருகலாம். ஒரே பெயரில் விற்கப்படும் இரண்டு வடிவங்களுக்குள் இப்படிப்பட்ட வேறுபாடு இருப்பதால், பெயரை மட்டும் பார்த்து வாங்காமல் பெட்டியில் என்ன வடம் வருகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

தூரத்தை அளக்கும் பெடல், விசையை அளக்கும் பெடல்

மலிவான பெடல்களில் பெரும்பாலும் இருப்பது பொட்டன்ஷியோமீட்டர். பழைய வானொலிப் பெட்டியில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகுக்குள் இருந்ததும் இதே பாகம்தான். மிதிக்கும்போது உள்ளே ஒரு தொடுமுனை கார்பன் தடத்தின் மேல் உரசிக்கொண்டு நகர்கிறது, அதற்கேற்பக் கிடைக்கும் மின்னழுத்தம் மாறுகிறது. உரசுவதால் அது தேயும். தூசி சேர்ந்தால் அளவு திடீரென எகிறும் அல்லது விழும். ஹால் சென்சாரில் உரசல் இல்லை. பெடலோடு நகரும் காந்தத்தின் புலம் மாறுவதை ஒரு சிறு சில்லு உணர்கிறது, அதனால் தேய்மானம் என்ற பேச்சே எழுவதில்லை. இருப்பினும் இவை இரண்டும் அளப்பது ஒன்றையே: பெடல் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதை. லோட் செல் அளப்பது வேறொன்றை. ஓர் உலோகத் துண்டின் மேல் மெல்லிய கம்பித் தடங்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன. மிதிக்கும் விசையால் உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும்போது அந்தத் தடங்களின் மின்தடை மாறுகிறது, அதிலிருந்து கால் எவ்வளவு விசை கொடுக்கிறது என்று கணக்கிடப்படுகிறது. டிஜிட்டல் எடை இயந்திரங்களுக்குள் இருப்பதும் இதுவே.

இந்த வேறுபாடு பிரேக்கில் ஏன் இத்தனை முக்கியம் என்றால், உண்மையான காரின் பிரேக் அப்படித்தான் இயங்குகிறது. பிரேக் திரவம் ஏறக்குறைய அமுங்காதது. பட்டைகள் வட்டைத் தொட்ட பிறகு பெடல் கீழே இறங்குவது மிகக் குறைவு. அதற்கு மேல் வண்டி எவ்வளவு வேகமாக நிற்கிறது என்பதைத் தீர்மானிப்பது காலின் விசை மட்டுமே. நம் கால் தசைகளும் தூரத்தைவிட விசையை நன்றாக நினைவில் வைத்துக்கொள்கின்றன. கண்ணால் பார்க்காமல் காலை மிகச் சரியாக ஒரு குறிப்பிட்ட தூரத்துக்கு நகர்த்து என்றால் ஒவ்வொரு முறையும் சற்று மாறிப்போகும். இவ்வளவு விசை கொடு என்றால் சில நாள் பழக்கத்திலேயே திரும்பத் திரும்ப அதே அளவு வந்துவிடும். சக்கரம் பூட்டிக்கொள்ளும், அதாவது சுழலாமல் வழுக்கத் தொடங்கும், எல்லைக்குச் சற்றுக் கீழே அழுத்தத்தை வைத்திருப்பதற்கும், வளைவுக்குள் நுழையும்போது அதை மெல்ல மெல்ல விடுவதற்கும் இந்த நினைவே அடிப்படை. லோட் செல் வாங்கியவுடன் வேகம் கூடிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். சுற்றுக்குச் சுற்று உள்ள வேறுபாடு குறையும் என்று சொல்வேன், பந்தயத்தில் அதன் மதிப்பு அதிகம்.

இதே காரணத்தால் ஆக்சிலரேட்டருக்கு லோட் செல் தேவையில்லை. அங்கே கால் தூரத்தைத்தான் ஆள்கிறது, ஹால் சென்சாரோ நல்ல நிலையிலுள்ள பொட்டன்ஷியோமீட்டரோ போதும். கிளட்சுக்கும் அப்படியே. பிரேக்கில் மட்டும் லோட் செல் உள்ள பெடல் தொகுப்பு, மூன்றிலும் ஹால் சென்சார் வைத்து அலுமினியத்தில் பளபளப்பாகச் செய்த தொகுப்பைவிட மேலானது என்பதை விலை ஒன்றாக இருக்கும்போது தயங்காமல் முடிவு செய்யலாம். திரவ அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பெடல்களைப் பற்றி இந்த அளவு பணத்தில் யோசிக்கவே வேண்டாம். மிதிக்கும் உணர்வு இதமாக இருக்கலாம். பராமரிப்பும் விலையும் கூடவே வரும்.

விளம்பர எண்களில் ஏமாற வேண்டாம்

பெடல் விளம்பரங்களில் இரண்டு எண்கள் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். ஒன்று பிட் கணக்கு, அதாவது பெடலின் அளவு எத்தனை படிகளாகப் பிரிக்கப்படுகிறது என்பது. 10 பிட் என்றால் 1024 படிகள், 12 பிட் என்றால் 4096, 16 பிட் என்றால் 65,536. கேட்பதற்குப் பெரிய வேறுபாடாகத் தெரிந்தாலும், 4096 படிகளில் ஒன்றைத் தனியே பிரித்து அழுத்தும் திறமை எந்தக் காலுக்கும் கிடையாது. சட்டம் வளைவதும் சென்சாரின் அளவு நடுங்குவதுமே உண்மையில் தொல்லை தருபவை, அவற்றை எந்த விளம்பரமும் எண்ணாகக் கொடுப்பதில்லை.

மற்றொன்று அதிகபட்ச விசை: 60 கிலோ, 100 கிலோ, 200 கிலோ என்று ஒன்றையொன்று முந்தும். அது சென்சார் தாங்கக்கூடிய எல்லையைக் குறிக்கிறதே தவிர, நீங்கள் அத்தனை விசை கொடுத்தாக வேண்டும் என்று பொருளல்ல. எத்தனை கிலோவில் பிரேக் முழுமையாக வேண்டும் என்பதைப் பெரும்பாலான பெடல்களின் மென்பொருளில் குறைத்து வைத்துக்கொள்ளலாம். சாதாரண நாற்காலியில் உட்கார்ந்து நெடுநேரம் ஓட்டுபவருக்கு 25 முதல் 40 கிலோவுக்குள் அமைத்தால் போதும் என்பது என் கருத்து. உங்களுக்கு உரிய அளவை வாங்குவதற்கு முன்பே தோராயமாகத் தெரிந்துகொள்ள ஓர் எளிய வழி உண்டு. வீட்டில் எடை பார்க்கும் இயந்திரம் இருந்தால், பெடல் வைக்கப் போகும் இடத்தில் அதைச் சுவரோடு சாய்த்து நிறுத்தி, விளையாடும் நாற்காலியில் உட்கார்ந்து பிரேக் மிதிப்பதைப் போல அழுத்திப் பாருங்கள். நாற்காலி எந்த எண்ணில் பின்னால் நகரத் தொடங்குகிறது, கால் எந்த எண்ணில் நடுங்குகிறது என்று பார்த்தால், 200 கிலோ பெடலுக்குக் கூடுதலாகக் கொடுக்கப் போகும் பணம் எங்கே போகும் என்பது விளங்கிவிடும்.

நாற்காலியும் தரையும்

இந்தப் பகுதியை அலட்சியமாகக் கடந்துபோகிறவர்கள்தான் அதிகம். பிரேக்கை 30 கிலோ விசையோடு மிதித்தால், அதே 30 கிலோ விசை உங்கள் முதுகின் வழியாக நாற்காலியைப் பின்னால் தள்ளும். சக்கரம் வைத்த அலுவலக நாற்காலியாக இருந்தால் நாற்காலி ஓடும்; நாற்காலி கனமாக இருந்தால் பெடல் முன்னால் வழுக்கும். இரண்டில் எது நகர்ந்தாலும் லோட் செல் அளக்கும் விசை சீராக இருக்காது, அதற்குக் கொடுத்த பணமும் வீணாகும். தரையோடு நன்றாகப் பிணைக்கப்பட்ட சாதாரண பெடல், வழுக்கி ஓடும் லோட் செல் பெடலைவிட நன்றாக வேலை செய்யும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இதற்குச் செலவு குறைந்த தீர்வு, இரண்டையும் ஒன்றோடொன்று கட்டிவிடுவது. பெடல் முன்னால் போக விரும்புகிறது, நாற்காலி பின்னால் போக விரும்புகிறது. இரண்டுக்கும் இடையில் நீளாத வலுவான பட்டையொன்றைக் கட்டினால் ஒன்றின் இழுப்பை மற்றொன்று தாங்கிக்கொள்ளும், தரையின் வழவழப்பு ஒரு பொருட்டாக இருக்காது. பெடலைச் சுவரோடு ஒட்டி வைப்பது பாதித் தீர்வுதான், ஏனெனில் நாற்காலி அப்போதும் நகரும். நாற்காலியின் சக்கரங்களைக் கழற்றிவிட்டு நிலைக்கால்கள் பொருத்தலாம், அல்லது சக்கரங்கள் உட்காரும்படி குழி வெட்டிய ஒரு கெட்டியான ஒட்டுப்பலகையில் நாற்காலியையும் பெடலையும் சேர்த்து வைக்கலாம். பலகையில் பெடலைத் திருகாணியால் பொருத்துவதாக இருந்தால், பெடலின் அடித்தட்டில் அதற்கான துளைகள் உள்ளனவா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். மடக்கி வைக்கும் ஸ்டீயரிங் தாங்கிகளில் பெரும்பாலானவை கடினமான பிரேக்கை மிதிக்கும்போது வளைந்து கொடுக்கும்; அதில் பொருத்துவதாக இருந்தால் பிரேக் விசையைக் குறைவாக வைப்பதுதான் வழி.

உட்காரும் உயரத்துக்கும் இதில் பங்கு உண்டு. மேசை நாற்காலியின் உயரத்திலிருந்து மிதிக்கும்போது கால் முன்னோக்கித் தள்ளுவதைவிடக் கீழ்நோக்கி அழுத்துகிறது, அதனால் குதிகாலை ஊன்றியபடி மிதிப்பது கடினமாகிறது. நாற்காலியை இயன்றவரை தாழ்த்தி, பெடலின் முகம் காலைப் பார்க்கும்படி அடித்தட்டைச் சாய்த்தால் இது பெருமளவு சரியாகும்.

கையில் இருப்பதைச் சீர்செய்தல்

புதியது வாங்குவதற்கு முன்பு, ஸ்டீயரிங்கோடு வந்த பெடலில் இன்னும் எவ்வளவு எடுக்க முடியும் என்று பார்த்துவிட வேண்டும். அளவு எகிறும் பொட்டன்ஷியோமீட்டரை எலக்ட்ரானிக் தொடுமுனைகளைத் துடைப்பதற்கான தெளிப்பானால் சுத்தம் செய்தால் பல நேரங்களில் மீண்டும் சீராகிவிடும். ஸ்பிரிங் மட்டுமே உள்ள பிரேக் பெடலில் தொடக்கம் முதல் இறுதி வரை எதிர்ப்பு ஒரே மாதிரிக் கூடுவதால் காலுக்கு எந்த அடையாளமும் கிடைப்பதில்லை. பெடலின் பயணம் முக்கால்வாசி முடியும் இடத்தில் முட்டும்படி உள்ளே ஒரு ரப்பர்க் கட்டையையோ சிறு ரப்பர்ப் பந்தையோ வைத்தால், அதற்கு மேல் பெடல் குறைவாக நகர்ந்து அதிக விசை கேட்கும். சென்சார் இன்னமும் தூரத்தைத்தான் அளக்கிறது. ஆனால் தூரமே இப்போது விசையைச் சார்ந்திருப்பதால், லோட் செல்லின் பயனில் ஒரு பங்கு ஏறக்குறையச் செலவின்றிக் கிடைக்கிறது. ரப்பர் வைத்தபின் பெடல் இறங்கும் எல்லை குறைந்திருக்கும் என்பதால், நீங்கள் வசதியாக அழுத்தக்கூடிய இடம் 100 சதவீதமாகும்படி மீண்டும் அளவுதிருத்தம் செய்ய வேண்டும். ஜி29 பெடலில் இப்படியொரு ரப்பர்க் கட்டை தொழிற்சாலையிலேயே வைக்கப்பட்டிருக்கிறது. அது மிகவும் கெட்டியாக இருக்கிறது, முழு பிரேக்கை எட்ட முடியவில்லை என்று கருதி அதைக் கழற்றிவிடுபவர்கள் உண்டு. கழற்றுவதற்கு முன் பெடலைத் தரையில் பிணைத்துவிட்டு, விளையாட்டில் பிரேக்கின் உச்ச அளவைக் குறைத்துப் பார்ப்பது நல்லது.

அடுத்த படி, பழைய பெடலின் பிரேக்கை மட்டும் லோட் செல்லாக மாற்றுவது. பரவலாக விற்ற பெடல்களுக்கு இதற்கான மாற்றுத் தொகுப்புகள் கிடைக்கின்றன. பற்றவைப்புக் கோலைப் பிடிக்கத் தெரிந்தவர் இன்னும் மலிவாகத் தாமே செய்துகொள்ளலாம்: ஒரு லோட் செல், அதன் மிகச் சிறிய மின்னழுத்தத்தைப் பெருக்கி எண்ணாக்கும் எச்எக்ஸ்711 பலகை, கணினிக்குத் தன்னை ஜாய்ஸ்டிக்காக அறிமுகப்படுத்திக்கொள்ளக்கூடிய அர்டுயினோ லியோனார்டோ அல்லது ப்ரோ மைக்ரோ என்ற சிறு நிரல் பலகை. இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. எச்எக்ஸ்711 நொடிக்கு 10 முறை அல்லது 80 முறை அளக்கக்கூடியது. கடைகளில் கிடைக்கும் பலகைகள் பல 10 என்ற நிலையில் வருகின்றன. எடை பார்க்கும் இயந்திரத்துக்கு அது போதும், பிரேக்குக்கு அது கண்கூடாகத் தாமதமாக இருக்கும். வேகத்தைத் தீர்மானிக்கும் முனையை மாற்றி இணைத்து 80க்குக் கொண்டுவந்த பிறகே பயன்படுத்துங்கள். பலகையோடு இழுபறி செய்ய விருப்பமில்லாதவர் இந்த வழியை விட்டுவிடலாம்; மிச்சமாகும் பணத்தைவிடப் போகும் பொழுது அதிகமாகிவிடக்கூடும்.

புதிதாக வாங்குவதானால்

இரண்டு பெடலா, மூன்றா என்பதை நீங்கள் ஓட்டும் கார்களைக் கொண்டு முடிவு செய்யுங்கள். இன்றைய ஜிடி3, ஃபார்முலா வகைக் கார்களில் கியர் மாற்றக் கிளட்ச் தேவையில்லை. புறப்படும்போது மட்டும் தேவைப்படும் கிளட்சை விளையாட்டே பார்த்துக்கொள்ளும். எச் வடிவக் கியர் கொண்ட பழைய கார்களின் மேல் ஆசை உள்ளவருக்கு மட்டுமே மூன்றாவது பெடல் அவசியம். மற்றவர்கள் அந்தப் பணத்தைப் பிரேக்கில் சேர்த்துவிட்டு, பின்னால் கிளட்சைத் தனியாக இணைத்துக்கொள்ள இடமளிக்கும் தொகுப்பைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம்.

லோட் செல் பெடல்களின் கீழ்த்தட்டில் அடிக்கடி பேசப்படுபவை ஃபனடெக் சிஎஸ்எல் பெடலின் லோட் செல் வடிவம், திரஸ்ட்மாஸ்டர் டி-எல்சிஎம், மோசா எஸ்ஆர்-பி ஆகியவை. பெயரில் ஒத்திருக்கும் மோசா எஸ்ஆர்-பி லைட் லோட் செல் பெடல் அல்ல, ஹால் சென்சார் பெடல் என்பதைக் கவனிக்கவும். இவற்றுக்குள் தேர்ந்தெடுக்கும்போது சென்சாரை விட்டுவிட்டு வேறு சிலவற்றைப் பாருங்கள். பெடல் தண்டு உலோகமா பிளாஸ்டிக்கா? பிரேக்கின் கடினத்தை மாற்ற மாற்று ஸ்பிரிங்குகளோ ரப்பர்களோ பெட்டியிலேயே வருகின்றனவா, தனியாக வாங்க வேண்டுமா? டி-எல்சிஎம்மில் ஸ்பிரிங்குகள் கூடவே வருகின்றன என்பது அதற்கு ஒரு நல்ல மதிப்பெண். பெடல்களுக்கு இடையிலான இடைவெளியை நகர்த்த முடியுமா? அடித்தட்டு, குதிகால் தாங்கி, வடம் ஆகியவை விலையில் அடக்கமா? அடித்தட்டு இல்லாமல் விற்கப்படும் பெடலை நாற்காலிக்கு முன்னால் வெறும் தரையில் வைத்துப் பயன்படுத்த முடியாது. இரும்பு பெடல்கள் கனமானவை என்பதால் அனுப்பும் கட்டணத்தையும் சேர்த்தே விலையை ஒப்பிட வேண்டும்.

பயன்படுத்திய பெடல் வாங்குவது சிறந்த வழி, ஆனால் ஓட விட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். விண்டோஸில் கேம் கண்ட்ரோலர்களின் பண்புகளைக் காட்டும் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு பெடலையும் மிக மெதுவாக அழுத்தி மெதுவாக விடச் சொல்லுங்கள். கோடு துள்ளாமல் ஏறி இறங்க வேண்டும். காலை எடுத்த பிறகு லோட் செல் பிரேக்கின் அளவு பூச்சியத்துக்குத் திரும்புகிறதா, அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் தானாக நகர்கிறதா என்று பார்க்கவும். பெடலைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் எவ்வளவு இருக்கிறது என்பது அச்சின் தேய்மானத்தைக் காட்டிக்கொடுக்கும். நேரில் போக முடியாவிட்டால் இவற்றையெல்லாம் காணொளியாக எடுத்து அனுப்பச் சொல்வதில் தவறில்லை. பொட்டன்ஷியோமீட்டர் பழுதை அஞ்ச வேண்டாம், மாற்றிக்கொள்ளலாம். விரிசல் விட்ட சட்டமும் மாற்று கிடைக்காத தனிவகை வடமும் இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

பொருத்திய பின் செய்ய வேண்டியவை

புதிய பெடலில் அழுத்தாமலே ஓரிரு சதவீதம் பிரேக் காட்டினால் தொடக்கத்தில் சிறிய செயலற்ற பகுதியை வையுங்கள், இல்லாவிட்டால் நேர்பாதையில் உங்களுக்குத் தெரியாமலே பிரேக் உரசிக்கொண்டிருக்கும். பிறகு உச்ச விசையை அமைக்க, நீங்கள் உண்மையாக அவசர பிரேக் போடும் விசையை அளந்து, அது 90 முதல் 95 சதவீதம் காட்டும்படி வைத்துக்கொள்ளுங்கள். தூரத்தை அளக்கும் பெடல்களுக்காகச் சிமுலேட்டர்களில் பிரேக் காமா என்றோ வேறு பெயரிலோ ஒரு வளைகோட்டு அமைப்பு இருக்கும்; அது தொடக்கப் பகுதியை மென்மையாக்கி இறுதிப் பகுதியைக் கூர்மையாக்கும். லோட் செல்லுக்கு மாறியவர் அந்தப் பழைய அமைப்பை அப்படியே விட்டுவிட்டால் பிரேக் இயல்பாக இராது, அதை நேர்கோட்டுக்குத் திருப்பிவிட வேண்டும். அதன் பிறகு ஏபிஎஸ் (சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) இல்லாத ஒரு காரை எடுத்துக்கொண்டு, நீண்ட நேர்பாதையின் முடிவில் சக்கரம் பூட்டும் எல்லையை ஒரே இடத்தில் பலமுறை தேடிப் பாருங்கள். இறுதிச் சுற்றுகளில் கால் சோர்ந்து பிரேக் குறைகிறது என்றால் உச்ச விசையை ஐந்து கிலோ குறைக்கவும். சற்றே தொட்டதும் சக்கரம் பூட்டிக்கொள்கிறது என்றால் ஐந்து கிலோ கூட்டவும். ஒரு வாரத்துக்கு மேல் அந்த எண்ணை மாற்றத் தேவையில்லாமல் போன பிறகு, ஸ்பிரிங், ரப்பர் ஆகியவற்றை மாற்றிப் பார்க்கத் தொடங்கலாம்.